மணாலி கிளம்புறீங்களா? பெட்டியில ஜீன்ஸ் இருந்தா உஷார்!

அரையாண்டுப் பரீட்சை முடிகிற வாரம் வந்துவிட்டால் போதும், அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இந்தக் கேள்வி வந்து விழுந்துவிடும்: "யார்கிட்டயாவது ஸ்வெட்டர், ஜெர்கின் இருக்கா? மணாலி போறோம், ஒரு வாரத்துக்குத்தான்." நாலு பேர் பரணில் இருந்து மூட்டையை இறக்குவார்கள். மிச்சத்துக்கு ஆன்லைனில் எது மலிவோ அது. ஒரு வாரக் குளிருக்காக யார் பத்தாயிரம், இருபதாயிரம் செலவழிப்பார்கள்? நியாயம்தான். இரவல் வாங்குவதும் தப்பில்லை, மலிவாக வாங்குவதும் தப்பில்லை. எந்த இடத்தில் காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று பார்க்காமல் பிடிப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

2024 டிசம்பர் 27ஆம் தேதியை நினைவுபடுத்துகிறேன். மணாலிக்கு மேலே சோலாங் பகுதியில் கடும் பனிப்பொழிவு. சுமார் ஆயிரம் வண்டிகள், ஐயாயிரம் சுற்றுலாப் பயணிகள் வழியில் மாட்டிக்கொண்டார்கள். குல்லு போலீஸார் இறங்கி மீட்டார்கள். காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, இருட்டிய பிறகும் நடுரோட்டில் நிற்போம் என்று அதில் ஒருவர்கூட நினைத்திருக்க மாட்டார். அதனால் ஃபோட்டோ எடுக்கிற அரை மணி நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வண்டி நகராத ஆறு மணி நேரத்துக்கு உங்கள் உடுப்பு தாங்குமா என்று பாருங்கள்.

"ஊட்டிக்கே போயிட்டு வந்துட்டோம், இதென்ன பெரிசு" என்பவர்களுக்கு ஒரு தகவல். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மணாலி சுமார் 2,050 மீட்டர்தான். ஆம், ஊட்டிதான் உயரம்! ஆனால் ஊட்டி 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, மணாலி 32 டிகிரியில். ஊட்டியில் வெயில் ஏறியதும் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். மணாலியில் ஜனவரி ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவது வெகு சாதாரணம். அதோடு யாரும் மணாலி ஊருக்குள் நிற்பதில்லை. பனி வேண்டும் என்று சோலாங்குக்கும், ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கத்தைத் தாண்டி சிஸ்ஸுவுக்கும் போகிறோம். சிஸ்ஸு 3,000 மீட்டருக்கு மேல். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அதற்கு மேல் காற்று. மைனஸ் 5 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 13 மாதிரி. செல்போன் காட்டுகிற எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

சரி, முதல் எதிரிக்கு வருவோம். அது நம் ஊர்ச் செல்லப்பிள்ளை: பருத்தி.

நமக்குத் துணி என்றாலே காட்டன்தான். வேர்வையை உறிஞ்சும், உடம்புக்கு இதமாக இருக்கும், கொளுத்துகிற மே மாதத்தில் அதைவிட நல்லது கிடையாது. அந்த உறிஞ்சுகிற குணமே பனியில் வில்லனாகிவிடுகிறது. ஈரத்தைக் குடித்த பருத்தி லேசில் காயாது, தோலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். நிற்கிற காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதாவது நனைந்த டி-ஷர்ட் உடம்புச் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பனியில் நனைய மழை பெய்ய வேண்டியதில்லை. ஸ்லெட்ஜ் வண்டியில் பிள்ளையை வைத்து இழுத்தாலே முதுகு வேர்த்துவிடும். வேர்வை உள்ளேயிருந்து நனைக்கும், பனி வெளியிலிருந்து நனைக்கும்.

ஜீன்ஸ் இன்னும் மோசம். "கெட்டியான துணிதானே" என்று அப்பாக்கள் எல்லோரும் அதைத்தான் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். பனியில் ஒருதரம் முட்டி போட்டால் முட்டி நனையும், உட்கார்ந்தால் பின்பக்கம் நனையும். அதற்குப் பிறகு அறைக்குத் திரும்பும்வரை அந்த ஈரத்தைக் காலோடு சுமக்க வேண்டியதுதான். வெயில் போனதும் நனைந்த ஜீன்ஸின் கீழ்விளிம்பு பலகை மாதிரி விறைத்துப் போகும், கணுக்காலில் உரசும். ஊர் சுற்ற, மால் ரோட்டில் நடக்க ஒரு ஜீன்ஸ் இருக்கட்டும். பனி பார்க்கப் போகிற நாளில் அதை அறையிலேயே விட்டுவிடுங்கள்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் ஹூடி வாங்கிக் குவிக்கிறோமே, அருமையான சரக்கு, சந்தேகமில்லை. தொட்டால் மெத்தென்று இருக்கும். கடைக்காரர் "320 ஜிஎஸ்எம் அண்ணா, குளிரு கிட்டயே வராது" என்பார். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான். கெட்டியைச் சொல்லும், ஈரமானால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. அந்த ஹூடிகளில் பெரும்பங்கு பருத்தி. உள்ளே கழுத்துப் பட்டையிலோ பக்கவாட்டுத் தையலிலோ குட்டி லேபிள் இருக்கும், திருப்பிப் பாருங்கள். காட்டன் 80, 100 என்று இருந்தால் அது ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும்தான். பாலியெஸ்டர் ஃபிளீஸ் என்று இருந்தால் தாராளமாக எடுக்கலாம். பாலியெஸ்டர் தண்ணீரை ஏறக்குறைய குடிக்கவே குடிக்காது, உதறினால் காய்ந்துவிடும், விலையும் குறைவு. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரம் ஏறினாலும் ஈரமாகவே தெரியாது. சென்னை வெயிலில் நாம் திட்டித் தீர்க்கிற பாலியெஸ்டர், பனியில்தான் ஏழைக்குத் தோழன்.

ஆனால் "100% வுல்" என்று அட்டையில் எழுதியதை எல்லாம் நம்பிவிடாதீர்கள். நடைபாதையில் கிடைக்கும் ஸ்வெட்டர்களில் பாதிக்கு மேல் அக்ரிலிக் நூலாகவே இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அக்ரிலிக் கெட்டதில்லை, காய்ந்திருக்கும்வரை கதகதப்பு தரும். கம்பளி விலை கொடுத்து அதை வாங்குவதுதான் ஏமாளித்தனம். சந்தேகம் இருந்தால் வாங்கி வந்த பிறகு ஓரத்தில் ஒரு நூலை உருவி, வாஷ்பேசின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, கறுப்பாகக் கல் மாதிரி இறுகிவிடும். உருகுகிற அந்தக் குணம் இன்னோர் ஆபத்தையும் சொல்கிறது: ஹோட்டல்காரர் ராத்திரி மூட்டித் தருகிற கேம்ப்ஃபயருக்கு அக்ரிலிக் சால்வையையோ ஃபிளீஸையோ தொங்கவிட்டுக்கொண்டு போய் ஒட்டி உட்காராதீர்கள். பிள்ளைகளை அறவே விடாதீர்கள். பற்றினால் தோலோடு ஒட்டும்.

அடுத்து, குண்டு ஜாக்கெட். குடும்பப் பட்ஜெட்டில் முக்கால்வாசியை விழுங்குவது இதுதான். ஏனென்றால் ஃபோட்டோவில் தெரிவது இது மட்டும்தானே! "மைனஸ் 20 டிகிரி தாங்கும்" என்று அட்டை தொங்கும். யாருக்குத் தாங்கும், நடக்கிறவருக்கா, வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கா, உள்ளே என்ன போட்டால் தாங்கும் என்று அந்த அட்டை சொல்வதில்லை. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு நாலு விஷயம் பாருங்கள். ஜிப்புக்குப் பின்னால் காற்றைத் தடுக்க ஒரு மடிப்புத் துணி இருக்கிறதா? மணிக்கட்டு இறுக்கமாக மூடுகிறதா? உட்கார்ந்தால் இடுப்பு வெளியே தெரியாத நீளம் இருக்கிறதா? குல்லா தலையைத் திருப்பும்போது கூடவே திரும்புகிறதா? கடைசியாக, கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துத் தோள்பட்டையில் விடுங்கள். முத்து முத்தாக உருண்டால் சரி. துணி கறுத்து உறிஞ்சினால் அது பனிக்கு ஆகாது. வாட்டர்ப்ரூஃப் என்று அடித்துச் சொன்னால் உள்பக்கத்தைப் பிரித்துத் தையலைப் பாருங்கள்: தையல் மேல் நாடா ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசி போட்ட ஒவ்வோர் ஓட்டை வழியாகவும் தண்ணீர் இறங்கும். வாத்து இறகு அடைத்த டவுன் ஜாக்கெட்டை யாராவது இரவல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், எடையும் இல்லை, சூடும் ஜாஸ்தி. நனைந்தால் மட்டும் இறகு கட்டி தட்டிப்போய் ஒன்றுக்கும் உதவாது. அதற்கு மேல் ஒரு சாதாரண ரெயின்கோட் போதும்.

என் கட்சி என்னவென்றால், குண்டு ஜாக்கெட்டுக்குக் காசைக் கொட்டவே வேண்டாம். சூட்டைத் தருவது ஜாக்கெட் இல்லை, அடுக்குகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிற காற்று. தோலை ஒட்டி ஒரு தெர்மல், அதன்மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றும் ஈரமும் புகாத ஒரு மேலுறை. வேர்த்தால் ஒன்றைக் கழற்றலாம், குளிர்ந்தால் மாட்டலாம். காஷ்மீரில் டிசம்பர் 21இல் தொடங்கி நாற்பது நாள் ஓடுகிற சில்லைக் கலான் கடுங்குளிரில் அந்த ஊர் மக்கள் போடுகிற ஃபெரன் அங்கியைப் பாருங்கள், எவ்வளவு தொளதொளப்பு! நாமோ ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஸ்வெட்டரைத் திணித்து, கையை மடக்க முடியாமல் நிற்கிறோம். இறுக்கினால் நடுவில் காற்று இருக்காது, சூடும் இருக்காது. தெர்மல் மட்டும் உடம்போடு ஒட்ட வேண்டும், மேலே போகப் போக ஒரு சைஸ் பெரிதாகட்டும். தெர்மலிலும் லேபிளைப் பாருங்கள்: பருத்தி கலந்தது ராத்திரி போர்வைக்குள் தூங்க நல்லது, பனியில் ஓடியாட வேண்டாம்.

மிச்சப்படுகிற காசை எங்கே போடுவது? காலில்.

காலைத்தான் நாம் கடைசியாக நினைக்கிறோம். "ஸ்கூல் ஷூவே போதும்" என்று பிள்ளைக்கும், "வாக்கிங் ஷூ இருக்கே" என்று அப்பாவுக்கும். வாக்கிங் ஷூவின் மேல்பக்கம் வலை. காற்றோட்டத்துக்காக வைத்தது, பனிநீர் நேராக உள்ளே போகும். காட்டன் சாக்ஸ் போட்டிருந்தால் முடிந்தது கதை. குளிருக்கு பயந்து இரண்டு சாக்ஸை இறுக்கமான ஷூவுக்குள் திணிப்பது இன்னும் ஆபத்து, ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சில்லிடும். ஒரே ஒரு கெட்டிக் கம்பளி சாக்ஸ், விரலை அசைக்க இடம் இருக்கிற ஷூ. ஆளுக்கு இரண்டு ஜோடி மாற்று சாக்ஸ், பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கைப்பையில் இருக்கட்டும்.

இரவல் ஷூ விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் இருந்து மச்சான் ஐந்தாறு வருடத்துக்கு முன் கொண்டு வந்த ஸ்னோ பூட்ஸ் அட்டைப் பெட்டி கலையாமல் புதுசு மாதிரி பரணில் இருக்கும். அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். பாலியூரித்தேன் சோல் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காற்றில் உள்ள ஈரத்தால் தானாகவே சிதையும். சென்னைப் புழுக்கத்தில் அது சீக்கிரமே நடக்கும். வீட்டில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் நாலு முறை ஏறி இறங்குங்கள். ஓரத்தில் விரலால் அழுத்தும்போது பிஸ்கட் தூள் மாதிரி உதிர்ந்தால் குப்பையில் போடுங்கள். நடுப்பனியில் சோல் தனியாக, நீங்கள் தனியாக நிற்பதைவிட அது மேல். பழைய ஜாக்கெட்டும் இப்படித்தான்: உள்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டினாலோ தோல் தோலாக உரிந்தாலோ தண்ணீரைத் தடுக்கும் சக்தி போய்விட்டது என்று அர்த்தம்.

"அதெல்லாம் எதுக்கு, வழியிலேயே வாடகைக்குக் கிடைக்குமே" என்றால், கிடைக்கும். மணாலியில் இருந்து சோலாங் போகிற ரோடு நெடுக நம்பர் போட்ட கடைகள். கலர் கலராக முழு உடம்பு ஸ்னோ சூட், கம்பூட். சில நூறு ரூபாய் வாடகையில் ஜீன்ஸைக் காப்பாற்றிவிடும் என்பதால் வாடகை சூட்டை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிரைவர் தனக்குக் கமிஷன் உள்ள கடையில்தான் நிறுத்துவார். இறங்கி இரண்டு கடை விசாரியுங்கள். சூட்டின் உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். முந்தின நாள் யாரோ நனைத்தது காயாமலே மறுபடி தொங்கும். கவட்டில் தையல் விட்டிருக்கும், ஜிப் பாதியில் நிற்கும். போட்டுக்கொண்டு அங்கேயே ஒருமுறை குத்தவைத்து உட்கார்ந்து எழுந்திருங்கள். கம்பூட் வெறும் ரப்பர், தண்ணீரைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. கம்பளி சாக்ஸ் உங்களுடையதாக இருந்தால்தான் பிழைத்தீர்கள். முன்பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதே, ஏற்கெனவே உள்ள கிழிசலை செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். திரும்பக் கொடுக்கும்போது அந்தக் கிழிசலுக்கு உங்களிடம் வசூல் பண்ணப் பார்ப்பார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே பயப்படுங்கள். எடையோடு ஒப்பிட்டால் அவர்கள் தோலின் பரப்பு நம்மைவிட அதிகம், சூடு சீக்கிரம் போய்விடும். விளையாட்டு மும்முரத்தில் குளிர்கிறது என்று சொல்லவும் மாட்டார்கள். "அடுத்த வருஷமும் ஆகும்" என்று மூன்று சைஸ் பெரிதாக வாங்கினால் கழுத்து வழியாகவும் இடுப்பு வழியாகவும் காற்று பாயும். ஒரு சைஸ் போதும். பின்னல் கையுறை பனியைத் தொட்ட நிமிடமே நனைந்துவிடும். வெளிப்பக்கம் தண்ணீர் புகாத கையுறையாக வாங்குங்கள்; விரல்கள் தனித்தனியாக இல்லாமல் சேர்ந்திருக்கும் வகை சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது. கழுத்தில் நாடா தொங்குகிற குல்லா ஜாக்கெட்டை வாங்காதீர்கள். அந்த நாடா கேபிள் கார் கதவிலோ, ஸ்லெட்ஜிலோ, ஊரில் சறுக்கு மரத்திலோ சிக்கினால் கழுத்தை இறுக்கும். ஏற்கெனவே இருக்கிற ஜாக்கெட் என்றால் இன்றைக்கே நாடாவை உருவி எறியுங்கள். மஃப்ளரையும் நீளமாகத் தொங்கவிடாமல் ஜாக்கெட்டுக்குள் செருகுங்கள். பிள்ளை நடுங்குவது நின்றுபோய், பேச்சு குழறி, தூக்கக் கலக்கமாக, தடுமாறி நடந்தால் "களைச்சுப் போயிட்டான்" என்று தட்டிக் கொடுக்காதீர்கள். உடம்புச் சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது வருகிற அறிகுறி அது. ஈரத்துணியைக் கழற்றி, காய்ந்த துணியில் சுற்றி, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மரத்துப்போன விரலைப் பனியால் தேய்க்கச் சொல்லும் வழிப்போக்கர் வைத்தியத்தைக் கேட்காதீர்கள்.

பாட்டி புடவைதான் கட்டுவேன் என்பார். கட்டட்டும். பாவாடைக்குள் தெர்மல் பேன்ட், மேலே ஃபிளீஸ், அதற்கு மேல் சால்வை. ஆனால் பனியில் இறங்கும் நாளில் கொசுவம் தரையில் புரண்டு முழங்கால் வரை ஈரம் ஏறும். அன்றைக்கு மட்டும் புடவையைத் தூக்கிச் செருகி வாடகை சூட்டை மேலே மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் வண்டியிலேயே இருக்கட்டும். சர்க்கரை வியாதி இருப்பவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். நனைந்தது, மரத்தது எதுவும் தெரியாது, சூடு பண்ணுகிறேன் என்று வெந்நீர்ப் பையை வைத்தால் வெந்ததும் தெரியாது. ராத்திரி அவர்கள் காலை நீங்களே தொட்டுப் பாருங்கள்.

எங்கே வாங்கலாம் என்று கேட்டால், குளிர்காலம் வந்தால் நம் ஊர்களில் திபெத்தியர்கள் போடுகிற ஸ்வெட்டர் கடைகள் ஒரு நல்ல வழி. பெரும்பாலும் லூதியானா சரக்குதான், தொட்டுப் பார்த்து, போட்டுப் பார்த்து வாங்கலாம். பெரிய ஸ்போர்ட்ஸ் கடைகளில் ஃபிளீஸ் மலிவு. டெல்லியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களே, காலையில் ரயிலை விட்டு இறங்கும்போதே அங்கே பனிமூட்டம் மூடியிருக்கும். கடை திறப்பதற்குள் பிள்ளைக்குச் சளி பிடித்துவிடும். குறைந்தது ஒரு அடுக்காவது ஊரிலேயே வாங்கிவிடுங்கள். டெல்லியில் இருந்து மணாலிக்கு ராத்திரி வால்வோ ஏறுகிறவர்கள் கம்பளி மூட்டையை டிக்கியில் போட்டுவிட்டு மேலே வெறுங்கையோடு உட்காராதீர்கள். நடுராத்திரி தாபாவில் நிறுத்தும்போதுதான் தெரியும்.

இன்ஸ்டாகிராமில் "கடை காலி, பிராண்டட் ஜாக்கெட் 499 மட்டுமே" என்று வருகிற விளம்பரம் டிசம்பரில் மழைக்காளான். இணைய முகவரியைப் பாருங்கள். பிராண்ட் பெயரோடு வால் மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கும், கேஷ் ஆன் டெலிவரி இருக்காது, முகவரியோ தொலைபேசி எண்ணோ இருக்காது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள், தாமதம் ஆக ஆகப் பணத்தை முடக்குவது கஷ்டம். வந்த சரக்கு மோசம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசியாக, உடுப்பு போதாதபோது ராத்திரி அறையில் நடக்கிற விபரீதம். குளிர் தாங்கவில்லை என்று கரி போட்ட அங்கீட்டி என்கிற கணப்பையோ கேஸ் ஹீட்டரையோ உள்ளே வாங்கி வைத்து, ஜன்னல் இடுக்கையெல்லாம் துணி வைத்து அடைக்கிறோம். 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமனில் ஒரு விடுதி அறையில் தங்கிய, கேரளாவில் இருந்து சுற்றுலா போன எட்டுப் பேர் இறந்துபோனார்கள், அதில் நான்கு பேர் குழந்தைகள். அறையில் கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தூக்கத்திலேயே முடித்துவிடும். பனியில் வண்டி மாட்டிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டால், சைலன்சரைப் பனி மூடினாலும் இதே கதிதான், அடிக்கடி இறங்கிப் பனியை வழித்துவிட வேண்டும். மின்சார ஹீட்டர் மேல் ஈர சாக்ஸைக் காயப்போடுவதும் வேண்டாம், தீப்பிடிக்க அது போதும்.

தெர்மலும் காய்ந்த கம்பளி சாக்ஸும் குல்லாவும் போட்டுக்கொண்டு படுங்கள். அப்படியும் குளிர்ந்தால் ரிசப்ஷனில் அங்கீட்டி கேட்காதீர்கள். இந்தி தெரியாது என்றாலும் இந்த மூன்று வார்த்தை போதும்: "ஏக் ரஜாய் அவுர்." இன்னொரு பஞ்சு அடைத்த போர்வை கொண்டு வந்து கொடுத்துவிடுவார்கள்.